மீனெண்ணெய்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
மணிக்கொரு தரம் அழுத்தம், வெப்பம், உப்பின் அளவு.
பதினாறு வருடம் எண்களை எழுதிய கை
மகனையும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறது.
செலஸ்டின், வயது ஆறு.
காலை 4.10. நாற்பது விநாடி. இடது கை.
4.50. ஒரு நிமிடம். முழு உடல்.
5.05.
சில நாள் மணி பார்க்க அவகாசம் இருக்காது.
வெறும் கோடுகள், ஐந்தைந்தாக,
சீட்டாட்டக் கணக்குபோல.

மூன்று மருந்து மாற்றியாயிற்று.
நான்காவது அவன் பசியைத் தின்றது.
ஐந்தாவது, தெரிந்திருந்த இருபது சொல்லில்
அப்பாவைத் தவிர மற்றதை.

டாக்டர் ஹிஷாம் நல்லவர்.
நர்ஸை டீக்கு அனுப்பிவிட்டுக்
கதவு சாத்தும்வரை பேனாமூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"உன் மனைவியின் தங்கை கனடாவில்தானே?
ஒரு மாதம் போய் வரட்டும்.
அங்கே வேறு விதமாகவும் எழுதிக்கொடுப்பார்கள்."
மேற்கொண்டு அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
ஃபஹாஹீல் திரும்பும் வழியெல்லாம்
சொல்லாமல் விட்ட வார்த்தை
பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்து வந்தது.

தெரிந்த வார்த்தைதான்.
தூத்துக்குடியில் படகோடு பிடிபட்டவர்கள்
மூட்டைகளுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் போட்டோவுக்குக் கீழே
பேப்பரில் வருகிற வார்த்தை.

விசா இரண்டு பேருக்குத்தான் வந்தது.
போனில் அதை மீனெண்ணெய் என்றோம்.
"மீனெண்ணெய் குடுத்தியா?"
"காலையில அரை மில்லி, சாயந்திரம் அரை."
"துப்புறானா?"
"மூஞ்சியச் சுளிக்கிறான். ஆனா முழுங்கிடுறான்."

முதல் வாரம் நாளுக்குப் பதினெட்டு.
பிறகு ஒன்பது. பிறகு நான்கு.
இருபத்திரண்டாம் நாள்
ஜெசிந்தாவிடமிருந்து எண் வரவில்லை.
மீட்டர் செத்துவிட்டதோ என்று கண்ணாடியைத் தட்டுவதுபோல்
போனைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
விடிகாலையில் ஒரு வீடியோ.
செலஸ்டின் பனியில் உட்கார்ந்து கையுறையை நக்குகிறான்.
நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து,
"தண்ணி" என்கிறான்.

நோட்டில் அன்றைக்கு என்ன எழுதுவது?
ஆலையில் எழுதுவதையே எழுதினேன்: இயல்பு.
ஆறு நாள் இயல்பு.
ஏழாம் நாள் ஒன்று, சின்னது.
மறுபடி இரண்டு நாள் இயல்பு.

கிளம்பும் அன்று மீதியைத் தங்கை வீட்டு சிங்க்கில் ஊற்றிக்
குழாயைத் திறந்துவிட்டாளாம்.
அவன் சட்டைகளை மூன்று தரம் துவைத்தாளாம்.
நாக்கைக்கூட வழித்துவிட்டாளாம்.
குவைத் ஏர்போர்ட்டில் நாய் ஒன்று
பெட்டி பெட்டியாக மோந்துகொண்டு வந்து
இவன் காலடியில் நின்றுவிட்டது.
அவன் தடவக் கை நீட்டினான்.
பையில் இருந்த பிஸ்கெட்டுக்காக நின்றதுதான்.
ஜெசிந்தாவின் கைநடுக்கம் வீடு வந்தும் நிற்கவில்லை.

சனிக்கிழமை, துவைக்கப் போடுமுன்
அவள் குளிர்கோட்டைத் துழாவினால் ஒரு ரசீது.
தலைப்பில் நகமளவு இலை,
விரல்களை விரித்துக் கையசைப்பதுபோல்.
அத்தனை ஸ்கேனரையும் தாண்டி
மடிப்புக் கலையாமல் வந்திருக்கிறது.

அடுப்பைப் பற்றவைத்தேன்.
எரிப்பதற்கு முன் படித்தேன்:
மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை டாலர்,
விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.
எண்கள் எனக்கு மறக்காது.
சாம்பலைக் கழுவிவிட்டு
எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுத் திரும்புகையில்
உள்ளே கட்டில் ஆடும் சத்தம்.

அவன் தலையை மடியில் தாங்கியபடியே
"அடுத்த விசா எப்பப் போடலாம்?" என்றாள்.
"ஒரு வருஷம் ஆகும்" என்றேன்,
பேனாவைத் தேடிக்கொண்டே.

2.35. ஐம்பது விநாடி. இடது கை.