கூட்டல் ஐந்தரை

வாங்கும் நாட்டின் பெயரைக்
கறுப்பு மையால் மூடியிருந்தார்கள்.
நேர வலயத்தை மூட மறந்துவிட்டார்கள்:
கூட்டல் ஐந்தரை.
அந்த அரை மணியோடு உலகத்தில்
எத்தனை ஊர் இருந்துவிடப் போகிறது?

வாட்டர்லூ. மூன்றாம் மாடி. வெளியே பனி.
என் மேசையில் ஒரு சாம்பல் பெட்டி,
பீட்சா டப்பா அளவு,
விசிறிச் சத்தம் மட்டும் பெரிசு.
ஒரு நாட்டுக்கு நாலு போதும் என்கிறான்
விற்பனைப் பிரிவு கிரெக்.
இங்கே மாட்டினால் சட்டம் கேள்வி கேட்கும்.
சட்டம் கப்பல் ஏறாது.
பெட்டி ஏறும்.

முதல் சோதனை: ஒரே ஒரு செயலி இலவசம்.
தொடுமுன் திறந்தது. தேர்ச்சி.

இரண்டாவது: மற்றதெல்லாம் மெதுவாக.
கடல் வானிலைப் படம்
கோடு கோடாய் இறங்கி
கரை தெரியுமுன் நின்றுபோனது. தேர்ச்சி.
நர்சிங் தேர்வு முடிவு
சுற்றிக்கொண்டே இருந்தது,
நான் தேநீர் போட்டு, குடித்து,
கோப்பையைக் கழுவி வந்த பிறகும்.
தேர்ச்சி.

மூன்றாவது: ஒரு மாவட்டத்தையே அணைப்பது.
அதற்குப் பொத்தான்கூடக் கிடையாது. ஒரு வரி.
மாவட்டத்தின் பெயருக்குக்
காலி இடம் விட்டிருந்தது. கர்சர் மினுங்கியது.
"எதையாவது அடி" என்றான் கிரெக்.

வாட்டர்லூ என்று அடித்தேன்.

சோதனை அறையின் பன்னிரண்டு போன்களும்
ஒரே நேரத்தில் கைவிரித்தன.
ஜன்னலுக்கு வெளியே டிராம் போனது.
யாரோ ஒருத்தி அதில் போனைப் பார்த்துச் சிரித்தாள்.
அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
தேர்ச்சி.

குளத்து மடையைத் திறந்து மூடுகிறவனுக்குத்தான்
முதலில் மடையன் என்று பெயராம்;
முட்டாளுக்குப் பிறகு போனதாம்.
சரியோ தப்போ தெரியாது.
பதினோரு மாதமாய் நான் மூடத்தான் பழகியிருக்கிறேன்,
சம்பளத்துக்கு, பல் காப்பீட்டோடு.

அன்றிரவு பிழை அறிக்கை எழுதினேன்.
தீவிரம்: ஒன்று.
எதிர்பார்த்தது: எல்லாக் கதவும் ஒன்றுபோலத் திறக்கும்.
நடந்தது: காசு கொடுத்த கதவு மட்டும்.

காலையில் மூடியிருந்தார்கள்:
வடிவமைத்தபடியே இயங்குகிறது.
திறந்தேன். மூடினார்கள்.
திறந்தேன். மேலாளர் டிராகானா
மேசைவரை வந்து, ஒன்றும் சொல்லாமல்,
என் பனிக் கோட்டு கீழே கிடந்ததை
எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள்.
மதியம் மறுபடி மூடியிருந்தது.

இது நாலாம் தடவை.
பிழையை எப்படி வரவழைப்பது என்ற கட்டத்தை
இதுவரை காலியாய் விட்டிருந்தேன்.
இப்போது எழுதுகிறேன்:

சோதனை அறையில் வேண்டாம்.
வாட்டர்லூ என்று அடியுங்கள்.
ஒரு நாள் பொறுங்கள்.