பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்
மாம்பழக்கூழ் லாரிகள் திரும்பும் முனையில்
என் டைப்பிங் கடை.
வேப்பனப்பள்ளிப் பையன் திம்மராஜ்
கையெழுத்தில் கொண்டுவந்தான் ஆய்வேட்டை:
அயர்லாந்தில் வைக்கிங்குகள்,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அடிக்குறிப்புக்குத் தனிக் காசு என்றேன்.
தலையாட்டினான்.

கடலை நான் பார்த்தது ஒரே தடவை,
வேளாங்கண்ணியில், அதுவும் இரவில்.
அலை என்று அடிக்க அளை என்று விழுந்தது.
திருத்தினேன். மறுபடியும் அளை.

முதல் அத்தியாயம் முழுக்கத் தீ.
ஆற்றின் கழுத்துவரை ஏறி வந்த கப்பல்கள்
மடத்து வெள்ளிக் கிண்ணத்தை,
ஆட்டை, ஆட்டை மேய்த்தவளை
ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போயின.
கன்றுத் தோலில் துறவி ஒருவன் எழுதி வைத்தான்,
இன்ன ஆண்டு இன்ன தீவு எரிந்ததென்று.
எரிந்தவர் பேருக்குத்
தோல் போதவில்லை போலும்.

நாலாம் அத்தியாயத்தில் விரல் தயங்கியது.
அவர்கள் திரும்பிப் போகவில்லை.
குளிர்காலத்துக்கென்று கரையில் இழுத்த படகு
மறு வருஷமும் அங்கேயே கிடந்தது.
பலகையைப் பிரித்துக் கதவு செய்தார்கள்.
கதவுக்கு உள்ளே அந்த ஊர்ப் பெண்.
அவள் எப்படி உள்ளே வந்தாள் என்பதற்கு
அடிக்குறிப்பு இல்லை.
சந்தைக்கும் படகுக்கும் பொத்தானுக்கும்
வந்தவன் சொல்லே ஊர்க்காரன் வாயில் தங்கிற்று.
பின்னால் வந்த பெரிய சண்டையில்
இரண்டு பக்கமும் மருமகன், மைத்துனன்.

பையனின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.
பொத்தான் என்ற சொல்லும்
எவனோ கப்பலில் கொண்டுவந்து போட்டதுதான்.

எங்கள் ஊர் கொத்தப்பள்ளி.
தெலுங்கில் புது ஊர் என்று பொருள்.
பழைய ஊர் எது என்று கேட்டால்
ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள்.
கணக்கைத் தெலுங்கில் போட்டு
மாட்டைக் கன்னடத்தில் அதட்டி
சண்டையை மட்டும் தமிழில் பிடிக்கிற ஜனம்.
ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சாய்ந்த ஒரு கல்:
வில்லோடு ஒருவன், காலருகே மாடு.
தொல்லியல்காரர்கள் மாவு தடவிப் படித்தார்கள்.
தொறுக் கொண்ட நாளில் தொறு மீட்டுப் பட்டான் கல்.
பட்டவன் பேர் உதிர்ந்துபோய்
'ன் மகன்' என்று மட்டும் மிச்சம்.

மாட்டுப் பொங்கலன்று அதற்கு முதல் தேங்காய்
எங்கள் வீட்டுத் தேங்காய்.
முதல் மரியாதை என்று
அண்ணன் முனிரத்னம் மீசையைத் தடவுவான்.
உடைத்தபின் கல்லுக்கு முதுகு காட்டாமல்
பின்னாலேயே நடந்து வரவேண்டும்.
தெருமுனை வரை வாய் திறக்கக் கூடாது.

நூற்று அறுபதாம் பக்கத்தில்தான்
முதல்முறையாக எனக்குத் தோன்றியது:
மரியாதை வாங்குகிறவன்
எதற்குப் பின்னால் நடக்கிறான்?
எங்களுக்கு ஊர் வைத்த பேர் வடக்கத்தி வீடு.
கல்லில் இருப்பவன் செத்தவன்.
வெட்டியவனை யாரும் செதுக்குவதில்லை.
பிடித்த மாடும் கையை விட்டுப் போனபின்
அவன் எங்கே போயிருப்பான்?
எழவு விழுந்த வீடுகளில்
ஏர் பிடிக்க ஆள் தேவைப்பட்டிருக்கும்.
அந்த வருஷம் மழை வேறு
நன்றாகப் பெய்து தொலைத்திருக்கும்.
அவள் சம்மதித்தாளா,
கதவை மட்டும் திறந்தாளா,
வயிற்றில் ஏற்கெனவே
'ன் மகன்' என்பவனின் மகன் இருந்தானா.

திம்மராஜ் வந்தான்.
முடிவுரை எங்கே தம்பி என்றேன்.
இன்னும் எழுதலக்கா என்றான்.
அடிக்குறிப்புக்குக் காசு வாங்கவில்லை.

தை பிறந்தது.
இந்தத் தடவை நான் உடைக்கிறேன் என்றேன்.
சிரித்த அண்ணன்
என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.
எழுத்து உதிர்ந்த பள்ளத்தில்
பழக்க தோஷம், விரலை வைத்தேன்.
திரையில் அடுத்த எழுத்துக்குக் காத்துக்
கர்சர் துடிக்குமே, அப்படி ஏதோ துடித்தது.
என் விரலாகவும் இருக்கலாம்.

தேங்காய் கோணலாக உடைந்தது.
பின்னால் நடந்தேன்.
புளிய வேர் தடுக்கிற்று, விழவில்லை.
தெருமுனை வந்த பிறகும்
ஒன்றும் பேசவில்லை.