பன்னிரண்டாம் பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
குறைந்தது மூன்று கூட்ஸ்.
அந்த இடைவெளியில் கூடுவதுதான் எங்கள் சங்கம்,
மூசா டீக்கடை பெஞ்சில்,
ஞாயிறு ஐந்துக்கோ ஐந்தரைக்கோ.

கன்டெய்னர் லாரி ஓட்டும் தணிகாசலம்,
துறைமுக வரிசையில் பதினாறு மணி நேரம் நிற்கையில்
ஸ்டியரிங்மேல் மாய நாவலை விரித்துவைத்துப் படிப்பவன்.
ஸ்டான்லியில் நைட் டியூட்டி பார்க்கும் பியூலா.
பிளஸ் டூவை இரண்டாம் முறை எழுதும் இர்ஃபான்.
அப்புறம் நான். பழைய பேப்பர் கடை.
கட்டைப் பிரிக்கையில் அட்டையில் டிராகன் தெரிந்தால்
அதை மட்டும் தராசில் ஏற்றுவதில்லை.

தணிகாசலத்துக்கு வெண்பரிதாசன் தெய்வம்.
"இன்னாமா மேப்பு போட்றான் பாரு,
மொதப் பக்கத்துலயே மல, கணவா, காடு, ஆறு.
நம்ம எண்ணூர் ரோட்டுக்கு எவனாவது
இப்டி ஒரு மேப்பு போட்டுக் குட்த்தானா?"
"அதுல ஒரு பள்ளம்கூட இல்லியேண்ணா"
என்றான் இர்ஃபான்.

இர்ஃபானுக்கு அல்லிக்கோ.
ஏழு பாகம் எழுதிவிட்டு
எட்டாவதை எழுதாமல் எங்கோ இருப்பவர்.
ஏழாம் பாகத்தின் கடைசி வரியில்
பனிக்கதவைத் தட்டக் கை ஓங்கினாள் இளவரசி.
ஒன்பது வருஷமாக ஓங்கியே நிற்கிறாள்.
இவன் மூன்று தரம் முதலிலிருந்து படித்துவிட்டான்,
இந்த முறையாவது தட்டுவாள் என்பதுபோல.
"அட்வான்ஸ் வாங்கினு ஓடிப்போன மேஸ்திரிடா அவரு"
என்று டீயை ஆற்றினான் தணிகாசலம்.

எனக்கு ஆகாதவன் திரிசடைமைந்தன்.
சொடுக்கினால் கோட்டை, கண்மூடினால் விருந்து,
அவன் நாட்டில் மந்திரத்துக்கு விலையே கிடையாது.
கிழிந்த தினசரிக்கும் கிலோ இன்ன விலை என்று
சொல்லிப் பழகிய வாய்க்கு அது கசக்கிறது.
"அப்ப தராசுக்குக் கீழ இருவத்திமூணு புக்கு
அவனோடது எதுக்குக் கீது?" என்றாள் பியூலா.
எப்போது பார்த்தாளோ.
ராத்திரி கரண்ட் போனால்
எனக்கும் கொஞ்சம் விருந்து வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கூட்ஸ் நகரத் தொடங்கியது. நிலக்கரி.
பெஞ்சு அதிர, பியூலா சொன்னாள்,
"எனக்குப் புடிக்காதவன் வெண்பரிதாசன்."
தணிகாசலம் கிளாசைக் கீழே வைத்தான்.

"ஈரோ கடலத் தாண்டணும். படகுக்காரன் வர்றான்.
பேரு கெடையாது. பன்னெண்டாம் பக்கத்துல ஏத்தினு போறான்.
அதே பக்கத்துல பூதம் வந்து அவனத் துன்னுது.
ஈரோ ஒரு சொட்டு கண்ணீர் வுடறான்,
அதுவும் வாளு நனஞ்சிட்ச்சேன்னு.
நான் காசிமேட்டுக்காரி.
எந்த புக்கத் தெறந்தாலும்
எங்கப்பா பன்னெண்டாம் பக்கத்துல செத்துனே கீறாரு."

"உங்கப்பா வூட்ல டிவி பாத்துனுல்ல கீறாரு?"

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

வேகன்களை எண்ணினோம்,
ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ.
"கதன்னா யாராவது ஒருத்தன் சாவணும்ல பியூலா."
"சாவட்டும். கரை சேத்தப்பறம் சாவட்டும்.
கூலியாவது வாங்கினப்பறம்."

கேட் தூக்கினார்கள்.
ஆட்டோக்கள் கத்தின.
யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் புத்தகம் என் கடைப் பிரதிதான்.
நால்வர் வீடும் சுற்றி
மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது,
முதுகில் டீக்கறையும் கிரீஸ் விரல் ஒன்றுமாக.

பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் 'சவரிமுத்து' என்றிருந்தது.
ஊசி மருந்தின் பெயர் எழுதும் தெளிவான கை.
அதன் கீழே பச்சை மையில்,
'வயசு 41. ரெண்டு பொண்ணு. சின்னது கணக்குல ஃபெயில்.'
இர்ஃபானேதான்.

இன்றும் வெண்பரிதாசனை யாராவது ஒரு வார்த்தை சொன்னால்
சட்டைக்கையை மடிக்கிறான் தணிகாசலம்.

ஆனால் பூதம் வாய் திறக்கும் அந்த வரிக்கு நேரே
மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருந்தது,
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் எழுதியதுபோல் நடுநடுங்கி:

'நீச்சல் தெரியும்.'