கண்ணி அளவு

வெட்டூர்ணிமடம், இரவு பதினொன்று.
பென்சிகர் தலையில் பத்தொன்பது மின்முனை, முடியெல்லாம் பசை.
கண்ணை மூடச் சொன்னேன்.
வெளியே குளச்சல் பஸ் நீளமாய் ஹாரன் அடித்துப் போனது.

நாற்பது வினாடிச் சன்னலை நகர்த்திப் பார்த்தேன்:
ஹாரன் விழுந்த தடமே இல்லை,
மழையில் முட்டத்துக் கலங்கரை விளக்காய் ஒரே மங்கல்.
நாலு வினாடிக்குக் குறைத்தேன்:
இமைத்ததும் பல்லைக் கடித்ததும்
நாங்களும் வலைப்பின்னல்தான் என்று துள்ளின.
கண்ணி பெருத்தால் நெத்திலி போகும்,
சிறுத்தால் சொறியும் பாசியும் ஏறும்;
எங்கள் வீட்டில் இதற்குக் கட்டுரை எழுதுவதில்லை.

கால்மன் வடிகட்டி நொடிக்கு நொடி தன்னைத் திருத்தியது,
ஹாரன் ஓய்ந்தபின் திரும்பிப் பார்த்தது.
மறைநிலை மாதிரியோ ஆறு அறை கட்டி
ஏதாவது ஒன்றில் இரு என்றது அந்த மனுஷனை.

நானே புனைந்த தரவில்
மூன்றுக்கும் மதிப்பெண் போட்டாயிற்று.
அங்கே விடை என் பையில்.

பசையைத் துடைத்துக்கொண்டே,
"பாடு உண்டா பிள்ள?" என்றார்.
"ஹாரன் அடிச்சப்ப என்ன நெனச்சிய?"
"எந்த ஹாரன்?"

மூடி வைத்த நாற்பது வினாடிச் சன்னலை
மறுபடி திறந்தேன்.