எண் முப்பத்தொன்று

மன்னவனூருக்கு மேலே, ஏரி தெரியாத சரிவில்
அறுபத்துமூன்று புற்கள்.
அறுபத்துமூவர் என்று ஹெப்சிபா மேடம் சொல்ல மாட்டார்;
நான்தான் சொன்னேன், சென்றாயன் சிரித்தான்.
ஒன்று பெருமாள்மலைப் பாறையிடுக்கில் பிடுங்கியது.
ஒன்று பூம்பாறைச் சாக்கடை ஓரம்.
ஒன்று, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி
டிரைவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு தோண்டியது.
வந்தவைக்கெல்லாம்
அலுமினியத் தகட்டில் எண் அடித்துக் கழுத்தில் கட்டினோம்.
அங்கங்கே பேர் இருந்திருக்கும்.
கேட்கவில்லை.

விரல் மரத்துப்போகும் ஜனவரிக் காலையில்
தூர் எண்ணுவது என் வேலை.
நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று,
நடுவில் யாராவது மணி கேட்டால்
மறுபடி ஒன்று.
உறைபனிக்கு மதிப்பெண்: கருகினால் ஒன்று,
கண்டுகொள்ளாமல் நின்றால் ஐந்து.
அறுத்து, காகிதப் பையில் இட்டு,
அறுபது டிகிரி அடுப்பில் மூன்று நாள்.
கரண்ட் போனால் நான்கு நாள்.
பச்சையில் ஆளை மிரட்டிய புதர்
தராசில் கைக்குழந்தை எடைகூட இல்லை.
எரித்தால் எவ்வளவு சூடு, நொதித்தால் எவ்வளவு சாராயம்
என்பதைக் கோயம்புத்தூர் சொல்லும்.
சாராயம் என்றதும்தான் சென்றாயனுக்கு
இந்த ஆராய்ச்சிமேல் ஒரு மரியாதை வந்தது.

மார்ச்சில் காட்டுமாடு வந்தது.
வேலியை அது உடைக்கவில்லை.
சாய்ந்தது; வேலி படுத்துக்கொண்டது.
விடிந்து போய்ப் பார்த்தால்
ஏழு, பதினெட்டு, இருபத்தாறு, நாற்பது
தரையோடு தரை.
பக்கத்திலேயே நின்ற ஐந்தையும் பதினைந்தையும்
நுனியில் எச்சில் வைத்துவிட்டுப் போயிருந்தது.
மேடம் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "எதெதை விட்டுவைத்தது? வரிசையாகச் சொல்லு."
மென்றது இளகிய நார்; நொதிக்க அது.
ஒதுக்கியது முரட்டு நார்; எரிக்க இது.
ஆறு மாதப் பரிசோதனையை
ஒரே இரவில், படி கேட்காமல்,
நாலு வயிற்றோடு வந்து முடித்துவிட்டுப் போனதற்குக்
கட்டுரையில் நன்றி போடலாமா என்றேன்.
"முதலில் சாணியைப் பையில் எடு" என்றார்.

முப்பத்தொன்றை அது முகரக்கூட இல்லை.
எல்லாக் கட்டத்திலும் அதுதான் முதல்.
ஆளுயரம் தாண்டி இன்னொரு முழம்.
பனிக்கு ஐந்து. வறட்சிக்கு ஐந்து.
உரம் கேட்காது. பூச்சி அண்டாது.
அறுத்த பதினைந்தாம் நாள்
யார் அறுத்தது என்பதுபோல் நிற்கும்.
"இதுதான் தாய்ச்செடி" என்று மேடம்
சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னார்.

எதிர்ச் சரிவில் வாட்டில் மரக்காடு.
அதையும் யாரோ இப்படி நோட்டில் எழுதித்தான் நட்டிருப்பார்:
வேகம் ஐந்து. பனி ஐந்து. உரம் வேண்டாம்.
கையெழுத்துகூட நன்றாக இருந்திருக்கும்.

நேற்று களையெடுக்கப் போன சென்றாயன் கூப்பிட்டான்.
வேலிக்கு வெளியே, ஒற்றையடிப் பாதைக்கும் அந்தப் பக்கம்,
ஓடையை ஒட்டி ஒரு குருத்து.
விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே திரும்பி வந்தோம்.
வெள்ளைத் தண்டு, கணுக்கணுவாக,
கல்லைச் சுற்றி, பாதைக்கு அடியில் புகுந்து,
வேலிக்கம்பத்தை உரசி,
சிவப்பு ரிப்பன் காலடியில் முடிந்தது.
பதினோரு அடி.
"மாடு வெளிய இருந்து உள்ள வந்துச்சு.
இது உள்ள இருந்து வெளிய போகுது" என்றான்.

படிவத்தில் உயரத்துக்குக் கட்டம் இருக்கிறது.
தூருக்கு, பூக்கும் நாளுக்கு, சாம்பலுக்கு.
நட்ட இடத்தில் நிற்குமா என்பதற்கு இல்லை.
துளை போட்டுக் கோர்க்கிற வெற்று விளிம்பில்
பொடி எழுத்தில் எழுதினேன்:
நடக்கிறது. ஓடையை நோக்கி.

சென்றாயன் அந்தக் குருத்தைப் பிடுங்கி
கையிலேயே வைத்திருந்தான்.
கீழே போட்டால் முளைக்கும்.
பையில் போட்டால் எண் வேண்டும்.