காது கொடுத்தவன்

மீன்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்:
காது அடைத்தவர்கள் தேவை.
ஐந்து நாள் ஆலிவ் எண்ணெய் விட்டு வரவும்.
மதியம் சாண்ட்விச், பேருந்துக் கட்டணம்.
எழுபத்தொரு வயதில்
என்னிடம் இருக்கும் ஒன்றை
யாரோ கேட்டுவிட்டார்கள்.

டாக்டர் கிளினிக்கில் இதை இப்போது செய்வதில்லை.
போனில் அந்தப் பெண் மூன்று முறை சொன்னாள்.
மூன்றாவதுதான் கேட்டது.

கிரிம்ஸ்பி. வட்டச்சாலை ஓரத்து விடுதி.
நேற்று இதே அறையில் யாருக்கோ கல்யாணம்,
நாற்காலிக் கால்களில் இன்னும் ரிப்பன்.
மேசைமேல் பன்னிரண்டு சிலிக்கான் காதுகள்,
எல்லாமே வலது.
வேர்க்கடலை வெண்ணெயைக் குறும்பியாய் அடைத்து
காலை முழுக்க அவற்றில் பழகியிருக்கிறார்கள்.
இனி உயிருள்ள காது.
அதில் தேறினால்தான் சான்றிதழ்.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் எந்திரத்தடியில்
இருபத்தாறு வருடம் நின்றவன் நான்.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடவும்
முதலில் வாங்க வேண்டுமே என்பாள் மாரீன்.

வலது காதுக்குக் கேலம் வந்தான்,
கண்ணாடிக் கடையில் காதுக்கருவி பொருத்துகிற பையன்.
நெற்றியில் விளக்கு, சுரங்கத்துக்குப் போகிறவன் மாதிரி.
தலை சுற்றுமா, ரத்தம் நீர்க்க மாத்திரை உண்டா,
காதில் எப்போதாவது கத்தி வைத்தார்களா,
ஒப்பித்தான். நடுநடுவே என் பதிலையும் கேட்டான்.
உறிஞ்சுகுழல் சீறியது,
தலைக்குள் யாரோ கெட்டில் வைத்ததுபோல்.
அப்புறம் ஒரு 'ப்ளக்'.
காகிதத் துண்டில் விழுந்தது,
பேரீச்சங்கொட்டை அளவில், அதே நிறத்தில்.
மாரீனின் எத்தனை வருடத்துப் பேச்சோ.

வலப்பக்கம் திறந்துகொண்டது:
யாரோ பேனாவைச் சொடுக்குவது,
என் காலர் என் தாடியில் உரசுவது.
மிஸஸ் ஆக்ஸ்லி தாளில் டிக் போட்டார்.
டிக் கூடக் கேட்டது.

இடது, ரூடாவுக்கு.
லிதுவேனியாக்காரி. மீன் ஆலையில் ஒன்பது வருடம்,
இரவில் படிப்பு.
சாண்ட்விச் வரிசையில் இன்னும் ஏதோ சொன்னாள்;
இடப்பக்கம் நின்றதால் பாதிதான் பிடிபட்டது.

பார்த்தாள்.
விளக்கைத் திருப்பி மறுபடி பார்த்தாள்.
ஓரத்தில் கொஞ்சம் எடுத்தாள்.
சீறல் நின்றது.
வலித்தால் கை தூக்கச் சொல்லியிருந்தார்கள்.
நான் தூக்கவில்லை.

"இதற்குமேல் போகமாட்டேன்."

கடிகாரத்தில் நான்கு நிமிடம் பாக்கி.
மிஸஸ் ஆக்ஸ்லி முகத்தில் ஒன்றுமில்லை,
தேர்வாளர் முகம் காட்டக்கூடாதாம்.
ரூடாவின் மேலுதட்டில் வியர்வை.
"பின்னால் வெள்ளையாக ஒன்று, முத்து மாதிரி,
பறையின் மேல்மூலையில்.
அது குறும்பி இல்லை."
பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு
என் வலப்பக்கம் வந்து
எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்:
மருத்துவமனை, நிபுணர்,
பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.
காதில் போட்டுக்கொண்டேன்.

'அகற்றப்பட்டதா?' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினாள், அழுத்தி.
கேலம் எங்களைப் பார்க்காமல்
ஒரு சிலிக்கான் காதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தேறினாளா, தெரியாது.
முடிவு ஆறு வாரத்தில் தபாலில் என்றார்கள், அவளுக்கு.
எனக்கு ஒன்பதாம் நாளே வந்துவிட்டது ஒரு கடிதம்:
தேதி, நேரம், எந்த வாசல், எத்தனாவது மாடி.
மாரீன் வழக்கம்போல் உரக்கப் படித்தாள்.

கத்தாதே, என்றேன்.

நிறுத்தினாள்.
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.
அப்புறம், பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில்,
'அன்புள்ள மிஸ்டர் ஸ்டாத்தர்ட்' என்று
மறுபடி தொடங்கினாள்.