இரண்டு கேபி

சனிக்கிழமை மாலை
நாகதேவி தெருவில் ஷட்டர் பாதி இறங்கியதும்
பேரிங் கடையின் பதினோரு வருடக் கணக்கு
என் சாப்பாட்டுப் பையில் ஏறும்.
காலி டப்பாவுக்கும் மடக்குக் குடைக்கும் நடுவே
சோப்பு அளவில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்.
மஸ்ஜித்தில் ஏறி ஜிடிபி நகரில் இறங்கும்வரை
மடியைவிட்டு இறக்கமாட்டேன்.
"என்ன அதில், தங்கமா?" என்றாள் ஒருத்தி,
வெந்தயக்கீரை ஆய்ந்தபடி.
"வரவேண்டிய பாக்கி" என்றேன்.

அடுத்த சனி வரை அதற்கு இடம்
பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில்.
தீபாவளிக்கு லால்ஜி சேட்
சிவப்புத் துணி போர்த்த பேரேட்டுக்குப் பூசை வைப்பார்.
முதல் பக்கத்துக்குமேல் அதில் யாரும் எழுதுவதில்லை.
பிறகு கணினிக்கு ஒரு பொட்டு,
போனால் போகிறதென்று
என் டிஸ்க்குக்கும் ஒன்று.

அந்தக் கணினி தினமும் காலையில்
ஒரு விண்ணப்பம் வைக்கும்:
புதுப்பிக்கட்டுமா?
ஜிஎஸ்டி கடைசித் தேதி. பிறகு.
புனே லாரி நிற்கிறது. பிறகு.
போன தடவை பிரிண்டர் செத்துப்போச்சு எஸ்தர், தொடாதே.
பிறகு.
கடன்காரன் எங்களுக்குச் சொல்லும் பதிலைத்தான்
நாங்கள் அதற்குச் சொன்னோம்,
இருநூறு நாளுக்குமேல்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை
எல்லா ஃபைலுக்கும் வால் முளைத்திருந்தது.
திரையில் மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு கடிதம்.
தொகை, கெடு, தாமதித்தால் இரட்டிப்பு.
எங்கள் இன்வாய்ஸைவிடத் தெளிவு.
சேட்டின் மகன் நிமித்
நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
நான் பதறவில்லை. சொல்லட்டுமா,
உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

லாமிங்டன் ரோட்டிலிருந்து வந்த ஸாஜித்
வேறு லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகினான்.
கிளிக் செய்தான். மறுபடி செய்தான்.
"மேடம், இதில் கணக்கு இல்லை.
கணக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் இருக்கிறது."

மூலையில் குட்டி அம்புக்குறி போட்ட
அந்த மஞ்சள் படத்தை
வாராவாரம் இழுத்துப் போட்டிருக்கிறேன்.
புதுக் கணினி வந்த நாளிலிருந்து
அறுபத்து மூன்று சனிக்கிழமை.
ஒவ்வொன்றும் இரண்டு கேபி.
அதற்கு முந்தைய பத்து வருடமும் நலம்;
யாருக்கும் வேண்டாத பத்து வருடம்.
சிவ்ரியில் தண்டவாளம் முழுகிய அன்று
இடுப்பளவு தண்ணீரில் தலைக்குமேல் தூக்கி வந்தேனே,
வீட்டை அல்ல,
கதவிலக்கத்தை.

சேட் திட்டியிருக்கலாம்.
பேரேட்டை இறக்கினார்.
குங்குமம் காய்ந்த பக்கத்தைத் தள்ளி
பேனா மூடியைக் கழற்றி
"சொல்" என்றார்.
சொன்னேன், தெரிந்தவரை.
போயிசர் மில், ஒன்று நாற்பது.
அப்புறம் போன்.
நாற்பத்தேழு பேருக்கு ஒரே கேள்வி:
எங்களுக்கு நீங்கள் எவ்வளவு தரவேண்டும்?
கடன் கொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது?

சிலர் பைசா சுத்தமாகச் சொன்னார்கள்.
பிவண்டிக்காரர் "முடித்துவிட்டோமே" என்றார்,
கேள்வி முடிவதற்கு முன்பே.
சேட் அந்தப் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார்.
வசாயில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஃபிலோமினா
"இருங்கள்" என்று எழுந்துபோய்
ஆணியில் குத்திய சீட்டுகளைக் கொண்டுவந்து வாசித்தாள்.
ஏழு பில்.
ஏழாவது, நாங்கள் போடவே மறந்தது.

இப்போது டிஸ்க் இரண்டு,
மேகத்தில் ஒன்று, அது நிமித்தின் பொறுப்பு.
பையை மூடுமுன் ஏதாவது ஒரு பில்லை
டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன்.
பெரும்பாலும் அந்த ஏழாவதை.
ஆயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்,
வந்து சேர்ந்தாயிற்று.

இன்று காலை கணினி கேட்டது.
சரி என்று அழுத்திவிட்டு
மூன்று கட்டிங் சாய் சொன்னேன்.
அணைக்காதீர்கள், முப்பத்து நான்கு சதவீதம்.
வாசலில் புனே லாரி ஹாரன் அடிக்கிறது.
சேட் பிரிண்டரைப் பார்க்கிறார்.
நான் பார்க்கவில்லை.